யார் தேசத்துரோகி? குமரிக்காரர்களிடம் ஒரு கேள்வி

மணக்குடி_மைந்தன்

எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் அணுக்கனிம மணல் (மோனசைட் போன்ற கனிமங்கள் கலந்த மணல்) எடுக்கும் திட்டம் பற்றித்தான் பேச்சு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மணல் அள்ளிய பள்ளத்தை மூடுவார்களா, கடல் உள்ளே ஏறினால் யார் பொறுப்பு என்று கேட்டார். அதற்கு வந்த பதில்: "மோனசைட்ல தோரியம் இருக்கு. அணுசக்திக்குத் தோரியம் நாட்டுக்கு வேணும். வேண்டாம்னு சொல்லுகவன் தேசத்துரோகி."

அவ்வளவுதான். அதோடு மணல் பேச்சு நின்றுவிட்டது. அண்ணன் மகன் ராணுவத்தில் இருக்கிறான், பள்ளியில் கொடியேற்றி வைத்திருக்கிறேன் என்று சார் சாயங்காலம் வரைக்கும் ஆதாரம் காட்டிக்கொண்டிருந்தார். பார்க்கவே சங்கடமாக இருந்தது.

சட்டத்தில் உண்மையிலேயே இப்படி ஒரு குற்றம் இருக்கிறதா? நம் மாவட்டத்தில் இதற்கு முன்னால் யார் மேலெல்லாம் இந்தப் பழி விழுந்திருக்கிறது? கட்சிச் சண்டை வேண்டாம் மக்கா, தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

தக்கலை_வக்கீல்

சட்டத்தில் தேசத்துரோகி என்று ஒருவன் கிடையாது. 2021 டிசம்பரில் மக்களவையில் இதைக் கேள்வியாகவே கேட்டார்கள். 'ஆன்டி நேஷனல்' என்பதற்கு எந்தச் சட்டத்திலும் விளக்கம் இல்லை என்று உள்துறை இணையமைச்சர் பதில் கொடுத்தார்.

ஒரே ஒரு தடவை அது அரசியல் சாசனத்துக்குள் வந்தது. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தத்தில் 31டி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தேசவிரோதச் செயல்களைத் தடுக்கச் சட்டம் போட்டால், அது அடிப்படை உரிமையை மீறுகிறது என்று சொல்லி யாரும் அதைச் செல்லாததாக்க முடியாது என்பது அதன் சாரம். ஜனதா ஆட்சி வந்ததும் 43ஆவது திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

பத்திரிகைகள் 'தேசத்துரோக வழக்கு' என்று எழுதியதெல்லாம் பழைய தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவைத்தான். வெள்ளைக்காரன் 1870இல் நுழைத்தது. எடுத்துப் படித்தால் அதில் தேசத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. சட்டப்படி அமைந்த அரசாங்கத்தின் மேல் வெறுப்பையோ அதிருப்தியையோ கிளப்பக்கூடாது, அதுதான் விஷயம். அந்தக் காலத்துத் தமிழில் 'ராஜத்துரோகம்' என்றார்கள். ராஜா போன பிறகு அந்த இடத்தில் தேசத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டோம். அரசாங்கத்தைத் திட்டினவனும் நாட்டை விற்றவனும் ஒரே பெயரில் மாட்டிக்கொள்வது அதனால்தான்.

இந்தப் பிரிவில் உள்ளே போனவர்கள் யார் யார் என்று பாருங்கள். 1908இல் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே இரண்டு குற்றச்சாட்டுகளுக்குச் சேர்த்து 40 வருஷம் தீட்டினார், மேல்முறையீட்டில்தான் குறைந்தது. அதே வருஷம் திலகருக்கு 6 வருஷம். 1922இல் காந்திக்கு 6 வருஷம். இதையெல்லாம் அனுபவித்தவர்கள் என்பதால்தான், 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கே.எம். முன்ஷி திருத்தம் கொண்டுவந்து, பேச்சுரிமைக்கான விலக்குகளிலிருந்து 'செடிஷன்' (ராஜத்துரோகம்) என்ற வார்த்தையை நீக்க வைத்தார். ஆனால் தண்டனைச் சட்டத்தில் 124ஏ அப்படியே உட்கார்ந்திருந்தது.

1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரம்பு போட்டது. அரசாங்கத்தை எவ்வளவு காரமாக விமர்சித்தாலும், வன்முறையையோ பொது ஒழுங்கின்மையையோ தூண்டினால்தான் குற்றம். 1995இல் பல்வந்த் சிங் வழக்கு: இந்திரா காந்தி கொலையான அன்று 'காலிஸ்தான் ஜிந்தாபாத்' என்று கோஷம் போட்ட இரண்டு பேரை விடுதலை செய்தார்கள். அந்தக் கோஷத்துக்கே அது பொருந்தாதென்றால், பள்ளத்தை யார் மூடுவார் என்று கேட்ட வாத்தியாருக்கு எப்படிப் பொருந்தும்?

2022 மே 11இல் உச்ச நீதிமன்றம் 124ஏவை நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய சட்டம் வந்துவிட்டது. அதில் இந்தப் பெயர் இல்லை, ஆனால் 152 என்று ஒரு பிரிவு இருக்கிறது. இறையாண்மை, ஒற்றுமை, ஒருமைப்பாட்டுக்கு ஆபத்து விளைவிப்பது. ஆயுள் தண்டனை அல்லது 7 வருஷம் வரை. பழையதில் ஆயுள் அல்லது 3 வருஷம் வரை. பெயரை எடுத்துவிட்டுத் தண்டனையைக் கூட்டியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஓய்வு_சுபேதார்

வக்கீல் சார் எல்லாம் சொன்னார், ஒன்றைத் தவிர. உண்மையான துரோகி என்று ஒருவன் இருக்கத்தானே செய்கிறான்? பணத்துக்கு ஆசைப்பட்டு எதிரிக்குப் படம் எடுத்து அனுப்புகிறவனை என்னவென்று கூப்பிடுவது? எல்லையில் நின்ற எங்களுக்கு அது வெறும் வார்த்தை இல்லை. உள்ளே இருந்து ஒருவன் வாய் திறந்தால் ஒரு முழு பட்ரோல் திரும்பி வராது. தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக அந்தச் சொல்லே கூடாது என்பது சரியில்லை.

தக்கலை_வக்கீல்

சுபேதார் சார், நீங்கள் சொல்கிறவனுக்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1923ஆம் வருஷத்து அலுவல் ரகசியச் சட்டம், அப்புறம் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது, பழைய 121, இப்போது 147. அமெரிக்க சாசனத்தில் துரோகம் என்றால் என்ன என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்: நாட்டுக்கு எதிராகப் போர் செய்யணும், இல்லாவிட்டால் எதிரியோடு சேர்ந்து உதவணும், அதுவும் ஒரே செயலை இரண்டு சாட்சிகள் பார்த்திருக்கணும். இல்லையென்றால் குற்றவாளியே நீதிமன்றத்தில் ஒப்புக்கொள்ளணும். அந்த அளவுக்குக் கறாராக இருந்தால் நீங்கள் சொல்கிறதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் சாட்சியும் கிடையாது, செயலும் கிடையாது.

தூத்தூர்_பந்து

உலகக்கோப்பை நேரத்தில் எங்கள் பக்கம் வந்து பாருங்கள் அண்ணாச்சி. தெருவுக்குத் தெரு அர்ஜென்டினா கொடி, எதிர்த் தெருவில் பிரேசில் கொடி. ஒரே வீட்டில் அப்பனும் மகனும் பேசமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஒருத்தனும் தேசத்துரோகி இல்லை.

நாஞ்சில்_ஓலை

மைந்தன் தம்பி கேட்ட மாவட்டக் கதைக்கு வருகிறேன். நம் மண்ணில் இந்தப் பழி ரொம்பப் பழையது.

தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய். திருவிதாங்கூரின் முதன்மை அதிகாரி. 1809 ஜனவரியில் குண்டறையில் பிரகடனம் வெளியிட்டு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகக் கிளம்பினார். தோற்றதும் அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு போட்டது அவர் சேவகம் செய்த அதே அரண்மனை. மண்ணடிக் கோவிலில் உயிரை விட்டார். அதற்குப் பிறகும் விடவில்லை. உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். தம்பி பத்மநாபனுக்குத் தூக்கு. இன்றைக்குத் திருவனந்தபுரம் தலைமைச் செயலக வளாகத்தில் வேலுத்தம்பி சிலையாக நிற்கிறார்.

இன்னொரு ஜோடிக் கதை இருக்கிறது, எனக்கு அதுதான் ரொம்பச் சுவாரசியம். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்டவர்மாவிடம் பிடிபட்டவர் டச்சுக் கம்பெனியின் டிலனாய். எதிரி. பிடிபட்டவர் மனம் மாறித் திருவிதாங்கூர் படையைப் பழக்கி, வலிய கப்பித்தான் (பெரிய தளபதி) ஆகி, 1777இல் இறக்கும்வரை இந்த ராஜ்யத்துக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது, புலியூர்க்குறிச்சி பக்கம் போகிறவர்கள் எட்டிப் பாருங்கள். டச்சுக்காரன் கணக்கில் இவர் யார்?

அதே டிலனாயோடு பழகியவர் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, அரண்மனை அலுவலர். 1745இல் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மேல் சுமத்திய குற்றங்களில் ராஜத்துரோகமும் உண்டு, அது பொய் என்கிறது திருச்சபை வரலாறு. மதம் மாறியதற்காகத் தண்டிக்கவில்லை, காரணம் வேறு என்று எழுதிய வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்கப் போவதில்லை. நேற்று வந்த வெள்ளைக்காரத் தளபதி விசுவாசி, உள்ளூர் நாயர் துரோகி. அந்தத் துரோகி 2022 மே 15இல் வத்திக்கானில் புனிதர் ஆனார்.

பூதப்பாண்டிக்காரர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பகத்சிங் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரையைத் தமிழில் பெயர்த்ததற்காக 1930களில் ராஜத்துரோக வழக்கு. புத்தகத்தை வெளியிட்ட பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் விடவில்லை. ஜீவாவுக்கு இப்போது நாகர்கோவிலில் மணிமண்டபம்.

கோவில்பட்டி_மருமகள்

நான் கட்டிக்கொடுத்தது நாகர்கோவிலில், பிறந்தது எட்டயபுரம் பக்கம். எங்கள் கஷ்டத்தையும் கேளுங்கள். தமிழில் துரோகி என்று நீட்டிச் சொல்ல யாருக்கும் பொறுமை கிடையாது, 'எட்டப்பன்' என்று முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் ஒருவன் மேனேஜரிடம் போட்டுக்கொடுத்தால் அவன் எட்டப்பன். கட்சி மாறினால் எட்டப்பன். எட்டப்பன் என்பது எட்டயபுரம் பாளையக்காரர்களின் பரம்பரைப் பட்டம், ஒரே ஆளின் பெயர் கூட இல்லை. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்கள். எட்டயபுரம் கம்பெனி பக்கம் நின்றது உண்மைதான், அதை மறைக்கவில்லை. ஆனால் அப்போது கம்பெனி பக்கம் நின்ற பாளையங்கள் இன்னும் எத்தனையோ. மொத்தப் பழியும் எங்கள் ஊர் மேல் வந்து இறங்கியது. பாரதி பிறந்த ஊரும் அதுதான் என்று சொன்னால், "அட, ஆமால்லா" என்பார்கள். அடுத்த நிமிஷம் எட்டப்பன் ஜோக் வரும்.

ஓய்வு_சுபேதார்

அக்கா சொன்னதைப் பார்த்துத்தான் கேட்கிறேன். தேசத்துரோகி என்றால் இங்கே எல்லோருக்கும் கோபம் வருகிறது. 'தமிழினத் துரோகி' என்று மேடைக்கு மேடை சொல்கிறார்களே, அது என்ன வகை? அதற்கு எந்தச் சட்டத்தில் விளக்கம் இருக்கிறது? கருணாநிதியைச் சொன்னார்கள், எம்.ஜி.ஆரைச் சொன்னார்கள், எதிர்க்கட்சியில் இருப்பவர் எல்லோரையும் சொல்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு நியாயம், மறு பக்கத்துக்கு வேறு நியாயமா?

நாஞ்சில்_ஓலை

சுபேதார் சாருக்கு ஒரு சபாஷ். இனத்துரோகி, மொழித்துரோகி, சமுதாயத் துரோகி, நம் ஊரில் எல்லாம் கிடைக்கும். சாதிக் கூட்டத்தில் வேறு வேட்பாளருக்கு ஓட்டுப் போடு என்று சொல்லிப் பாருங்கள், அங்கேயும் துரோகிதான். ஒரே ஒரு வித்தியாசம் பார்க்கிறேன். இனத்துரோகி என்று திட்டினால் திட்டோடு முடியும். தேசத்துரோகி என்பதற்குப் பின்னால் ஸ்டேஷனும் லத்தியும் இருக்கிறது.

பேச்சிப்பாறை_குளிர்

2021இல் அருமனையில் ஒரு பாதிரியார் பேசிய பேச்சு? அது தேசத்துரோகம் இல்லையா? அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறக்கவில்லை?

தக்கலை_வக்கீல்

அந்த வழக்கில் தேசத்துரோகப் பிரிவே இல்லை. மத உணர்வைப் புண்படுத்துவது, பிரிவினர்களுக்கிடையே பகை மூட்டுவது, அதாவது 295ஏ, 153ஏ, 505(2). வழக்கை மொத்தமாக ரத்து செய்யக் கேட்டு அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஜனவரியில் நீதிமன்றம் இந்த மூன்றையும் ரத்து செய்ய மறுத்து, மற்ற சில பிரிவுகளை மட்டும் எடுத்தது. ஒருவர் பேசியது குற்றமாக இருக்கலாம். எந்தக் குற்றம் என்று அதன் பெயரைச் சொல்லி வழக்குப் போடணும். எல்லாவற்றையும் ஒரே வசவில் அடைத்தால் நியாயமான வழக்கும் நீர்த்துப்போகும்.

மட்டுறுத்துநர்

இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 1982இல் மண்டைக்காட்டில் நடந்த மதக் கலவரத்தை இழுத்து, எந்த மதத்துக்காரனுக்கு எந்த நாடு என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கலவரத்துக்கு வேணுகோபால் கமிஷன் போட்டு விசாரித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இங்கே மறுவிசாரணை வேண்டாம். இழையைப் பூட்ட வைத்துவிடாதீர்கள்.

புதுக்கடை_பேரன்

எங்கள் ஊரை விட்டுவிட்டீர்களே. 1954 ஆகஸ்ட் 11, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது நம் பகுதி இருந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர். செத்தவர்கள் கேட்டது என்ன? தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கணும். அதே இந்தியாவுக்குள் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு. அதற்குத் துப்பாக்கி. பட்டம் தாணுபிள்ளையின் சொந்தக் கட்சியில் சோசலிஸ்ட் தலைவர் லோகியாவே ராஜினாமா செய்யச் சொன்னார், அவர் கேட்கவில்லை.

அப்புறம் 1956 நவம்பர் 1, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்தன. போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய நேசமணி அய்யாவை 'மார்ஷல்' என்று பட்டம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களுக்குத் தமிழ்நாடு அரசு எல்லைக் காவலர் என்று பெயர் வைத்து உதவித்தொகை கொடுக்கிறது. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போனால் அதே ஆள் கலகக்காரன்.

எங்கள் தாத்தா 'கலகக்காரன்' என்று மலையாளத்தில் வசவு வாங்கியதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பாட்டி சிரிக்கமாட்டாள். ஊரில் பாதிப் பேர் அப்போது மறுபக்கம், கல்யாணக் காரியங்களுக்குக் கூட அழைப்பு நின்றுபோயிருந்தது.

டெக்சாஸ்_தோவாளை

இங்கேயும் இதே கதைதான், பெயர்தான் வேறு. 'அன்-அமெரிக்கன்' என்பார்கள். 1938இல் நாடாளுமன்றத்தில் அதற்கென்றே ஒரு குழு போட்டு 1975 வரைக்கும் வைத்திருந்தார்கள். 1947இல் ஹாலிவுட் ஆட்களைக் கூப்பிட்டு, நீ கம்யூனிஸ்டா, ஆமா இல்லையா என்று கேட்டார்கள். பதில் சொல்ல மறுத்த பத்துப் பேர் ஜெயிலுக்குப் போனார்கள், வேலையும் போயிற்று. பிரிட்டனில் 1990இல் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி, குடியேறி வந்தவன் எந்த கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறான் என்று பார்த்தால் விசுவாசம் தெரிந்துவிடும் என்றார். தூத்தூர் தம்பியை அந்தப் பக்கம் அனுப்பிவிடாதீர்கள்.

நம் ஊரில் 'ஆன்டி இந்தியன்' என்று ஒரு தலைவர் சொன்னதை மீம் போட்டே ஒருவழியாக்கிவிட்டோம். டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்டால் ஆன்டி இந்தியன். தமிழர்களுக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

குளச்சல்_ரேவதி

மீம் போட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என் சித்தப்பா மகன் 2012இல் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்துக்கு இடிந்தகரை போனான். கல் எறியவில்லை, பந்தலில் உட்கார்ந்திருந்தான். அப்போது ஆயிரக்கணக்கானவர்கள் மேல் 124ஏ, 121 எல்லாம் போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எஃப்ஐஆரில் நாலைந்து பெயர், அதற்குக் கீழே 'மற்றும் பெயர் விலாசம் தெரியாத பலர்'. அந்தப் 'பலர்' யார் என்று பிறகு நிரப்பிக்கொள்ளலாம். பஹ்ரைனில் மீன்பிடி வேலைக்கு விசா வந்து, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டபோதுதான் தெரிந்தது, அவனும் அந்தப் பலரில் ஒருவன். விசாரிக்க வந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, உன் மேல தேசத்துரோகம் கிடக்கு, நான் என்ன எழுத?" என்று கேட்டார். விசா காலாவதியாகிவிட்டது. 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போன எங்கள் கடற்கரை ஆட்களைத் தேடச் சொல்லிக் குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் நடந்தபோது அவனை வீட்டில் பூட்டாத குறை. இன்னொரு வழக்கு வேண்டாம் என்று அம்மா காலில் விழுந்தாள்.

நிறைய வழக்குகளை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்கிறார்கள். அவன் வழக்கு என்ன ஆனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வக்கீல் அண்ணாச்சி சொல்ல முடியுமா?

ஓய்வு_சுபேதார்

ரேவதி, அந்தப் பையனுக்கு நடந்தது சரியில்லை. நான் சொன்ன துரோகி இவன் இல்லை. அணு உலை வேண்டும் என்பவன் நான், இப்போதும் அதில் மாற்றம் இல்லை. பந்தலில் உட்கார்ந்தவனுக்கு 121 போடுவது பட்டாளத்துக்காரனுக்கே அவமானம். போர் என்றால் என்ன என்று தெரிந்தவன் அந்தப் பிரிவை அப்படி எழுதமாட்டான்.

தக்கலை_வக்கீல்

ரேவதி, 2013 மே 6இல் உச்ச நீதிமன்றம் உலையை இயக்க அனுமதித்த அதே தீர்ப்பில், போராடியவர்கள் மேலுள்ள கிரிமினல் வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்கச் சொல்லியிருக்கிறது. பல வழக்குகள் போயும்விட்டன. ஆனால் அரசு அறிவித்தால் மட்டும் போதாது. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு நீதிமன்றம் அனுமதித்து உத்தரவு போட்டால்தான் வழக்கு முடிந்ததாகக் கணக்கு. முன்பு அது 321ஆவது பிரிவு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 360.

முதலில் குற்ற எண்ணும் வருஷமும் வேண்டும். பாஸ்போர்ட் அலுவலகம் அனுப்பிய கடிதத்திலேயே பெரும்பாலும் இருக்கும், அதைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். அதை வைத்து வழக்கு குற்றப்பத்திரிகை வரை போனதா, எஃப்ஐஆரோடு நிற்கிறதா என்று பார்க்கணும். பாஸ்போர்ட் சட்டம் 6(2)(எஃப்) சொல்வது நீதிமன்றத்தில் நிலுவையிலுள்ள வழக்கை. வெறும் எஃப்ஐஆர் அதில் வராது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. நிலுவையில் இருந்தாலும், 1993ஆம் வருஷத்து அறிவிக்கைப்படி அந்த நீதிமன்றத்திலேயே வெளிநாடு போக அனுமதி வாங்கினால் பாஸ்போர்ட் கொடுக்கலாம். எத்தனை வருஷத்துக்கு என்று உத்தரவில் எழுதி வாங்குங்கள், எழுதாவிட்டால் ஒரு வருஷத்துக்குத்தான் தருவார்கள்.

வழக்கு முடிந்திருந்தால் அந்த உத்தரவின் சான்றிட்ட நகல், இரண்டு பிரதி. ஒன்றைப் புது விண்ணப்பத்தோடு வையுங்கள். இன்னொன்றைக் காவலர் விசாரிக்க வரும்போது கையில் கொடுக்கச் சொல்லுங்கள், ஸ்டேஷன் ரெஜிஸ்டரில் பழைய குறிப்பு அடிக்காமல் கிடக்கும். திங்கள்கிழமை தக்கலை கோர்ட் வளாகத்தில்தான் இருப்பேன், பையனைக் கடிதத்தோடு வரச் சொல்லுங்கள். ஃபீஸ் கிடையாது, நகல் மனுவுக்கான ஸ்டாம்ப் செலவு மட்டும்.